றிச்சர்டின் அக்காவும் யோசப் ஆறு கடந்த கதையும்

எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்காமல் ஒரு மனிதரோடு பழக எனக்கு வராது. பெயரை மட்டும் சொன்னால் போதாது. தகப்பன் யார், தகப்பனுடைய தகப்பன் யார், எந்தப் பக்கத்தில் பெண் எடுத்தார்கள் என்று இரண்டு மூன்று தலைமுறை தெரிந்த பிறகுதான் ஆளின் முகமே எனக்குப் பிடிபடும். கனடாவுக்கு வந்த புதிதில் இதே கேள்விகளை வெள்ளைக்காரரிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். தகப்பனின் தகப்பனோடு அநேகம் பேர் நின்றுவிடுவார்கள். உனக்கு இது எதற்கு என்பதுபோல் பார்த்தவர்களும் உண்டு. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தவர் றிச்சர்ட் ஒருவர்தான்.

றிச்சர்ட் பஸ் ஓட்டினவர். மல்வேர்னிலிருந்து விடியப்புறம் வேலைக்குப் போகிற சனத்தை ஏற்றிக்கொண்டு போவார். நான் அந்த நாளில் ஒரு பாண் பக்டரியில் பொதி கட்டுகிற வேலை. பனிக்குள் நான் தத்தித் தத்தி ஓடி வருவதைக் கண்ணாடியில் கண்டால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். ஏறி, அவருக்குப் பின்னால் இருக்கிற முதல் சீற்றில் உட்காருவேன். ஓட்டுகிறவரோடு கதைக்கக்கூடாது என்று மேலே எழுதிப் போட்டிருந்ததாம். காதால் கேட்டால் கொஞ்சம் பிடிபடும், வாசிக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலிஷ் இருக்கவில்லை.

ஒருநாள் சிவப்பு விளக்கில் பஸ் நின்றபோது, உன் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். அவருடைய தகப்பன் என்றேன். அதையும் சொன்னார். அவருடைய தகப்பன் என்றேன். மனிதர் சந்தோஷத்தில் திரும்பியே பார்த்துவிட்டார். இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் ஒருவரும் தன்னிடம் இதைக் கேட்டதில்லை என்றார். பிறகு ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் ஒரு தலைமுறை என்று போனது. அந்த மாரி முடிவதற்குள் நாங்கள் யோசப்பிடம் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

யோசப்தான் அவர்கள் குடும்பத்தில் கனடாவுக்கு வந்த முதல் ஆள். கிறைடர் என்பது குடும்பப் பெயர். இருநூறு வருஷத்துக்கு மேலே இருக்கும். யோசப்பின் தகப்பன் பென்சில்வேனியாவில் காட்டோரத்தில் குடியிருந்தவர். அந்த நாளில் அமெரிக்காவில் குடியிருப்பு முடிகிற இடம் அந்தக் காட்டோரம்தான். அதற்கு அங்காலே வெள்ளைக்காரரின் வீடு கிடையாது. துவக்குத் தூக்குவது பாவம் என்கிற சமயக்காரர் அவர்கள். அமெரிக்கா தனி நாடாகப் பிரிகிற சண்டை வந்தபோது இந்தப் பக்கத்துக்காரர், நீ அந்தப் பக்கம் என்றார்கள். அந்தப் பக்கத்துக்காரர், நீ இந்தப் பக்கம் என்றார்கள். ஒருதரம் வீட்டை எரித்து மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போனார்கள். இந்த இடத்தை றிச்சர்ட் எனக்கு நின்று விளக்கப் பார்த்தார். சண்டைக்குத் தப்பி வந்த எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தகப்பன் மறுபடி வீட்டைக் கட்டினார். மகன் யோசப், இனிமேல் இங்கே கட்டுவதில்லை என்று முடிவெடுத்தார். பெண்சாதி பார்பரா, சின்னப் பிள்ளைகள், ஒரு பசுமாடு, கூடாரம் போட்ட ஒரு பெரிய வண்டில். இவ்வளவோடும் வடக்கே வெளிக்கிட்டார்கள். அந்த வண்டிலின் அடி வள்ளம் மாதிரி வளைந்திருக்குமாம். நயாகரா ஆற்றுக்கு வந்ததும் சில்லுகளைக் கழற்றி உள்ளே போட்டு, இடைவெளிகளுக்குத் தார் பூசி, வண்டிலை ஆற்றில் தள்ளினார்கள். அங்கேதான் கதையின் நல்ல இடம். துடுப்பைப் பிடித்து வள்ளம் விட்டது பார்பராவாம். யோசப்புக்குத் தண்ணீர் என்றால் பயமாம். கண்ணை இறுக மூடி, மாட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அக்கரை வரும்வரைக்கும் செபம் சொன்னாராம். றிச்சர்ட் ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடித்துக் காட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் பின்னால் நித்திரை கொண்டவர்கள் எழும்பிவிட்டார்கள்.

அக்கரை சேர்ந்து, ரொறன்ரோ ஒரு சேற்றுத் தெருவாக இருந்த காலத்தில் அதைக் கடந்து, காட்டுக்குள் போய் மரம் தறித்துக் கொட்டில் போட்டார்கள். முதல் மாரியில் தின்ன ஒன்றும் இல்லை. அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரரான ஆதிக்குடிகள் மான் இறைச்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். மேப்பிள் மரத்தில் நீர் எடுத்துக் காய்ச்சக் காட்டிக் கொடுத்ததும் அவர்கள்தான். பிறகு அவர்களையே அங்கே இருக்கவிடவில்லை. அந்த இடம் வரும்போது றிச்சர்டின் குரல் இறங்கிவிடும். ஆனால் அதை விட்டுவிட்டு அவர் ஒருநாளும் கதை சொன்னதில்லை.

றிச்சர்ட் பிறந்ததும் அதே காணியில்தான். பால்மாட்டுப் பண்ணை. விடியமுன் எழும்பிப் பால் கறக்கப் பஞ்சிப்பட்டு ரொறன்ரோவுக்கு ஓடிவந்து பஸ் வேலை எடுத்தார். கடைசியில் மாடுகள் எழும்புவதற்கு முன்னரே தான் எழும்பவேண்டி வந்தது என்று தானே சொல்லிச் சிரிப்பார். மகன் நேதன் பள்ளிக்கூடம் முடிக்கிறதைப் பார்க்கப் பெண்சாதிக்குக் கொடுத்துவைக்கவில்லை, அதற்கு முன்னரே நோயில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வரிசையிலேயே ஒரு டவுன்ஹவுசுக்கு வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி.

நான் கலியாணம் செய்யவில்லை. தங்கச்சி வீட்டோடு இருக்கிறேன். பேபி என்பது வீட்டில் வைத்த பெயர். எனக்குப் பிறகும் ஒருத்தி பிறப்பாள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. எழுபதைத் தாண்டின பிறகும் றிச்சர்ட் வேலிக்கு மேலால் "பேபி" என்று கூப்பிடுவார். ரோட்டில் போகிற எங்கள் ஆட்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

தங்கச்சியின் மகள் நிரூபாவுக்கும் நேதனுக்கும் மிசிசாகாவில் வேலை. வேறு வேறு ஒப்பீஸ், ஆனால் ஒரே ரோட்டு. பெற்றோல் செலவைப் பார்த்து ஒரே காரில் போய்வரத் தொடங்கினார்கள். ஹைவேயில் அடிக்கடி இறுகி நிற்கிற வாகனங்களுக்கு நடுவில் கதைக்க நிறைய நேரம் இருந்திருக்கும். இரண்டு வருஷம் அப்படிப் போய் வந்தவர்கள், கலியாணம் செய்யப் போகிறோம் என்று வந்து நின்றார்கள்.

தங்கச்சி கொஞ்சம் இழுத்தாள். "என்ன ஆக்கள், ஏது ஆக்கள் எண்டு ஒண்டும் தெரியாது, அக்கா."

"அவையின்ரை ஆக்கள் ஏழு தலைமுறைக்கு எனக்குத் தெரியும்," என்றேன். "உன்ரை மனுசன்ரை பக்கத்திலை நாலுதான் தெரியும். அதுக்கே உன்னைக் கட்டிக் குடுத்தனாங்கள்."

அவள் எழும்பிப்போய்க் கலண்டரை எடுத்துவந்தாள்.

கார்த்திகை மாதத்தில் முகூர்த்தம் வைத்தார்கள். மார்க்கம் பக்கம் ஒரு மண்டபம். எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபோது ஒரு இடத்தில் முட்டியது. எங்கள் கலியாணத்தில் மாப்பிள்ளைக்குத் தோழி வேண்டும். மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. கூறைத் தட்டத்தை ஏந்தி வருவதும், பெண்ணைக் கூறை மாற்றக் கூட்டிப்போவதும், தாலி கட்டும்போது பின்னால் நிற்பதும் அவள்தான். நேதனுக்குச் சகோதரி இல்லை. தாயும் இல்லை. மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு பெண் வேண்டுமே என்று தங்கச்சி யோசித்தாள். தெரிந்த ஆட்களில் யாரையாவது பிடித்து நிற்பாட்டலாம் என்றாள்.

றிச்சர்ட் எங்கள் குசினி மேசையில் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, எனக்கு ஒரு அக்கா இருக்கிறார் என்றார்.

ஏழு தலைமுறை சொன்ன மனிதர் இந்த அக்காவை ஒருநாளும் சொன்னதில்லை. ஏஞ்சலா என்று பெயர். உக்ஸ்பிரிட்ஜுக்குக் கிட்ட, அதே பழைய காணியில், தனியே மாடு வளர்த்துக்கொண்டு இருக்கிறாராம். தகப்பனைப் புதைத்த நாளில் தான் சொன்ன ஒரு வார்த்தையால் கோபித்துக்கொண்டாராம். இருபது வருஷமாகப் பேச்சில்லை. போன் எடுப்பதில்லை. ஒருதரம் நேரே போனபோது, இவரைக் கண்டதும் மாட்டுத் தொழுவத்துக்குள் போனவர் இவர் திரும்பிப் போகும்வரைக்கும் வெளியே வரவேயில்லை. என்ன வார்த்தை என்று கேட்டேன். அதை மட்டும் சொல்லமாட்டேன் என்றார். வேறு யாரையும் நிற்பாட்ட வேண்டாம் என்றும் சொன்னார். தோழியாக வந்தால் அக்கா வரட்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும்.

மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, அந்த யோசப்பையும் பார்பராவையும் அவர் ஏன் அப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிகிறார் என்று. மகனை விட்டால் உயிரோடு மிஞ்சியிருக்கிற ஒரே சொந்தம் முகம் பார்க்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் கோபதாபம் நிறையப் பார்த்திருக்கிறேன். கோபிக்கப்பட்டவர் நேரே போனால் சரிவராது. முதலில் பொது ஆள் ஒருவர் போய் வழி திறக்கவேண்டும். தபாலில் கார்ட் அனுப்புவதெல்லாம் அழைப்பே இல்லை. தட்டத்தோடு வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும். நான் போகிறேன் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரூபா கார் ஓட்ட, நான் பட்டுச்சேலை உடுத்து, குங்குமம், சந்தனம், கற்கண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், கலியாணக் கார்ட் எல்லாம் வைத்த தட்டத்தை மடியில் பிடித்துக்கொண்டு போனேன். வீடு ரோட்டிலிருந்து நல்ல உள்ளே. வாசலில் பூசணிக்காய்கள் குவித்திருந்தது. ஒரு பழைய ட்ரக். ஒரு நாய். நாய்க்குப் பின்னால் நெடுத்த ஒரு மனிசி, முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, கையில் வாளி.

தட்டத்தைக் கண்டதும் அவர் ஏதோ சொல்லிக் கையை அசைத்தார்.

"பெரியம்மா, எங்களைச் சமயம் பரப்பிற ஆக்கள் எண்டு நினைக்கிறா," என்றாள் நிரூபா. "தனக்கு ஏற்கெனவே ஒரு சமயம் இருக்காம், காணுமாம்."

"நீ ஆரெண்டு சொல்லு."

நிரூபா சொன்னாள். நேதனைக் கட்டப்போகிற பிள்ளை நான் என்று. ஏஞ்சலா வாளியைக் கீழே வைத்தார். பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நேதனைக் கடைசியாகச் சின்னப் பையனாகக் கண்டிருப்பார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

குசினி பெரியது, வெதுவெதுப்பாக இருந்தது. கேத்தலை அடுப்பில் வைத்தார். அப்பிள் பை ஒன்றை எடுத்து வெட்டி, ஆளுக்கொரு தட்டில் வைத்தார். தேத்தண்ணியும் வந்தது. நான் என் தட்டத்தை மேசை நடுவில் வைத்துவிட்டு, கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

எங்கள் பழக்கம் அது. சொந்தத்துக்குள் பகை வந்தால் முதலில் நிற்பது அந்த வீட்டில் கை நனைப்பதுதான். ஒரு விஷயம் கேட்டுப் போனாலும் அப்படித்தான், நல்ல சொல் வரும்வரைக்கும் ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது. குடித்துவிட்டுக் கேட்டால், தேத்தண்ணி தந்ததோடு கடமை முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள். எத்தனை சம்பந்தம் பேசப் போயிருக்கிறேன், இந்த முறையை நான் ஒருநாளும் விட்டதில்லை.

"நல்ல சொல் சொல்லட்டும், பிறகு குடிக்கிறன் எண்டு சொல்லு," என்றேன்.

"பெரியம்மா, ப்ளீஸ். இஞ்ச அப்பிடிச் செய்தால் சோ றூட். ஒரு வாய் வையுங்கோ."

"சொல்லு."

சொன்னாள். ஏஞ்சலாவின் கழுத்துச் சிவந்தது. கதிரையை இழுத்து எனக்கு நேரெதிரே உட்கார்ந்து, நிரூபாவிடம் நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். இந்தக் குடும்பத்துக்கு ஒரு முறை இருக்கிறதாம். முதல் மாரியில் யோசப்பின் பிள்ளைகளுக்கு யாரோ சாப்பாடு கொடுத்ததால்தான் இந்தக் குடும்பமே மிஞ்சியதாம். அன்றிலிருந்து இந்த வாசலைத் தாண்டி வந்தவர் சாப்பிடும்வரைக்கும், வந்த காரியம் என்னவென்று கேட்பதில்லையாம். சாப்பிடாத ஆளோடு இந்த மேசையில் ஒருவரும் கதைத்ததில்லையாம்.

"விளங்கிச்சுதே, பெரியம்மா? நீங்கள் சாப்பிட்டால்தான் அவ கேப்பா. அவ சொன்னால்தான் நீங்கள் சாப்பிடுவியள்."

விளங்கியது. ஆனால் அதற்காக முறையை விடலாமா? அவரும் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். தேத்தண்ணி ஆறிப்போனது. நாய் வந்து என் சேலைக் கரையை மணந்து பார்த்துவிட்டுப் போனது. நிரூபா பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் தன் துண்டைச் சாப்பிட்டு முடித்தாள். ஏஞ்சலா உடனே அவளுக்கு இன்னொரு துண்டு வைத்தார். அவள் அதையும் சாப்பிட்டாள்.

இப்படியே இருந்தால் இருட்டிவிடும் என்று, நான் எங்கேயும் செய்வதையே செய்தேன். பேச்சு இறுகினால் பழைய ஆட்களை இழுத்துவிடுவது. அவர்களுடைய அப்பு ஆச்சியை நாங்கள் மதித்து வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் எந்த மனமும் இளகும். நிரூபாவை நிறுத்திவிட்டு என் இங்கிலிஷிலேயே தொடங்கினேன். யோசப் என்றேன். பார்பரா என்றேன். ஏஞ்சலாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ஆறு என்றேன். மாடு என்றேன். பிறகு கண்ணை இறுக மூடி, வாழைப்பழச் சீப்பை மாட்டின் கழுத்தாகக் கட்டிப்பிடித்துக் காட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது அந்த மனிசி எழுந்து நின்றார்.

அதுதான் அந்த வார்த்தை. தகப்பனின் சவப்பெட்டியை வேதக்கோயிலில் வைத்துக்கொண்டு றிச்சர்ட் குடும்பக் கதை சொல்லியிருக்கிறார். ஆறு கடந்த இடத்தில் ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடித்த மாதிரி அங்கேயும் கட்டிப்பிடித்துக் காட்டியிருக்கிறார். கோயில் முழுக்கச் சிரித்திருக்கிறது. முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தவர் ஏஞ்சலா. அப்பா பெட்டிக்குள் கிடக்க, இந்தக் குடும்பத்துக்கே முதல் அப்பாவான யோசப்பைக் கோமாளியாக்கினான் என்று நிரூபாவிடம் சொன்னார். யோசப் நின்றபடி துடுப்புப் போட்டுத்தான் அந்த ஆற்றைக் கடந்தாராம். பார்பரா பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கீழே இருந்தாராம். அதுதான் உண்மைக் கதையாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தியில் யாருக்கு முதலில் சோறு போட்டார்கள் என்பதற்காகச் சாகும்வரை பேசாமல் இருந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

"நிரூ, இதைக் கேள். அந்தக் கதையை இவவுக்கு ஆர் சொன்னது?"

தாத்தா என்று பதில் வந்தது. வயலுக்குப் போகும்போதெல்லாம் தாத்தாவுக்குப் பின்னால் திரிந்த பிள்ளையாம் ஏஞ்சலா. தாத்தா தடியை எடுத்துத் துடுப்புப் போட்டே காட்டுவாராம்.

"றிச்சர்டுக்கு ஆர் சொன்னது?"

ஏஞ்சலா யோசித்தார். றிச்சர்டுக்குச் சின்னனில் இழுப்பு வருத்தம். வயலுக்கு விடமாட்டார்கள். அப்பம்மாவோடு இதே குசினியில் அடுப்பங்கரையில்தான் இருந்தானாம். அப்பம்மா சொல்லியிருப்பா. அப்பம்மாவுக்கு அவவின் மாமி சொல்லியிருப்பா.

"அப்ப பாருங்கோ," என்றேன். "ஆம்பிளையள் சொன்ன கதையிலை ஆம்பிளை வள்ளம் விட்டவர். பொம்பிளையள் சொன்ன கதையிலை பொம்பிளை வள்ளம் விட்டவ. எங்கடை வீடுகளிலையும் உப்பிடித்தான். இந்த மாடுகளை இவ்வளவு காலமும் தனிய நிண்டு பாத்தது நீங்கள். உங்கடை தாத்தா இப்ப எழும்பி வந்தால், அதுவும் தான்தான் பாத்தனான் எண்டுதான் சொல்லுவார்."

நிரூபா வாயைப் பொத்திக்கொண்டாள். "பெரியம்மா, நான் இதைச் சொல்லமாட்டன்."

"சொல்லு, பிள்ளை."

சொன்னாள். ஏஞ்சலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அது இருமலா என்று பார்த்தேன். இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்புக்கு நடுவில் சொன்னார்: ஒரு பெரிய பனிப்புயலில் கன்று வெளியே வராமல் கிடந்தபோது, கைவிட்டு இழுத்து எடுத்தது அப்பம்மாதானாம். விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றது ஏஞ்சலா. தாத்தா வாசலில் நின்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தாராம். அடுத்த ஞாயிறு கோயிலில் தாத்தா அந்தக் கன்றைத் தானே இழுத்து எடுத்ததாகச் சொன்னாராம். அப்பம்மா பக்கத்தில் பேசாமல் இருந்தாவாம். அதை இன்றைக்கு வரைக்கும் தான் நினைத்துப் பார்க்கவில்லை என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டத்தை இழுத்துக் கார்டைப் பார்த்தார். அத்தை அங்கே என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். நிரூபா தோழியின் வேலையை விளக்கினாள். ஒரு தட்டம் ஏந்தி வரவேண்டும், உள்ளே பெண்ணின் கலியாணச் சேலை இருக்கும், சிந்தாமல் சிதறாமல் கொண்டுவரவேண்டும். ஏஞ்சலா ஜன்னலால் தொழுவத்தைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறா?" என்றேன்.

"அண்டைக்கு மாட்டிலை ஆர் பால் எடுக்கிறது எண்டு கேக்கிறா."

எனக்கு அது போதும். வராத ஆள் மாட்டுக்கு ஆள் தேடாது. ஆறின தேத்தண்ணியை எடுத்து ஒரே இழுப்பில் குடித்தேன். பையும் சாப்பிட்டேன். புளிப்பும் இனிப்புமாக, கறுவா வாசத்தோடு நல்லாயிருந்தது. இரண்டாம் துண்டு நானே கேட்டு வாங்கினேன்.

திரும்பி வந்தபோது றிச்சர்ட் கூட்டி முடித்த சருகையே மறுபடி கூட்டிக்கொண்டு நின்றார். என்ன சொன்னார் என்று கேட்டார். மாட்டில் பால் எடுக்க ஆள் தேடுகிறார் என்றேன். மனிதர் விளக்குமாற்றோடு படியில் குந்திவிட்டார். இனி நீங்களே போன் எடுத்துக் கதையுங்கோ என்று நிரூபா சொல்லிப் பார்த்தாள். தான் வாய் திறந்தால் கெட்டுவிடும் என்று அவர் பயந்தார். அதனால் கலியாண நாள்வரைக்கும் ஒன்றும் நிச்சயமில்லாமலே கிடந்தது.

அன்றைக்கு முதல் பனி. றிச்சர்ட் வேட்டி உடுத்து, சால்வை போட்டு, மண்டப வாசலிலேயே நின்றார். ஐயர் இரண்டுதரம் ஆள் அனுப்பிவிட்டார். கூறைத் தட்டம் மேசையில் கிடந்தது. தங்கச்சி ஒரு பிள்ளையைத் தயாராக்கி, நீ ஏந்து என்று மெல்லச் சொல்லி வைத்திருந்தாள். றிச்சர்டுக்கு அது தெரியும். பார்க்காத மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பிள்ளை தட்டத்தில் கை வைக்கப் போகிற நேரம் ட்ரக் வந்தது. ஏஞ்சலா குதித்து இறங்கினார். ஒரு மாடு விடியப்புறம் பார்த்துக் கன்று போட்டுவிட்டதாம். பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவரை அறைக்குள் இழுத்துப்போய், சேலையைச் சுற்றி, கண்ட இடமெல்லாம் ஊசி குத்தினார்கள். சப்பாத்து மாற்ற நேரமில்லை. பச்சைப் பட்டுச்சேலைக்குக் கீழே றப்பர் சப்பாத்தோடு வெளியே வந்தார்.

அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் நின்றார்கள். ஏஞ்சலா தம்பியின் இடுப்பைப் பார்த்து ஏதோ சொன்னார். றிச்சர்ட் திடுக்கிட்டு வேட்டியைப் பிடித்தார். உன் பாவாடை கழலுகிறது என்று சொன்னாராம். இருபது வருஷத்துக்குப் பிறகு சொன்ன முதல் சொல் அதுதான். இறுக்கிக் கட்டிவிட்டதும் அவர்தான்.

தட்டத்தை ஏந்திக்கொண்டு அவர் நடந்ததை எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நிறைந்த பால் வாளியைத் தூக்குகிறவர் மாதிரி, தோள் அசையாமல், ஒரு பூ விழாமல் கொண்டுபோனார். தாலி கட்டும்போது நிரூபாவுக்குப் பின்னால் அப்படியே தூண்போல நின்றார்.

மத்தியானச் சாப்பாட்டில் றிச்சர்டைப் பேசச் சொன்னார்கள். அவருக்குப் பேச என்ன இருக்கிறது, யோசப் இருக்கிறார். பென்சில்வேனியாவில் தொடங்கி வந்தார். ஆற்றங்கரைக்கு வந்ததும் நின்றுவிட்டார். மைக்கைப் பிடித்தபடி முன்மேசையைப் பார்த்தார். ஏஞ்சலா பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"துடுப்புப் போட்டது பார்பரா," என்றார் ஏஞ்சலா, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. "சொல்லு."

துடுப்புப் போட்டது பார்பரா என்று றிச்சர்ட் மைக்கில் சொன்னார். யோசப் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றார்.

"கண்ணைத் திறந்தபடி," என்றார் ஏஞ்சலா.

நிரூபா அதைத் தமிழில் சொன்னதும் மண்டபமே சிரித்தது. றிச்சர்ட் ஒப்புக்கொண்டார். கண்ணைத் திறந்தபடி.

பனி கூடிவிட்டதால் ஏஞ்சலாவை அன்றைக்குப் போகவிடவில்லை. அடுத்த நாள் காலை பார்த்தேன், ட்ரக் றிச்சர்டின் வாசலில்தான் நின்றது. மிஞ்சின பலகாரத்தைக் கொண்டு போனேன். இரண்டு பேரும் மேசையில் போனை வைத்து, நயாகரா ஆற்றின் படத்தை இழுத்து இழுத்துப் பார்த்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில்தான் கடந்தார்கள் என்கிறார் அவர். அந்த இடத்தில் கடந்திருந்தால் அருவியில் விழுந்திருப்பார்கள், நீயும் நானும் இல்லை என்கிறார் இவர். என்னைக் கண்டதும் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, நீ சொல்லு பேபி என்றார்கள்.

மாப்பிள்ளை வீட்டு வழக்கில் பெண் வீட்டார் தலையிடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பலகாரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.